அபிஸ்டோ முட்டை போடுகிறது, குஞ்சு ஏன் மிஞ்சுவதில்லை?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. இரண்டடி நீளத் தொட்டியில் ஒரு ஜோடி அபிஸ்டோகிராமா கக்காட்டுவாய்டிஸ் வைத்திருக்கிறீர்கள் (சுருக்கமாக அபிஸ்டோ என்று சொல்லும் தென் அமெரிக்கக் குள்ள சிக்லிட் மீன்களில் ஓர் இனம்). பெண் மீன் திரும்பத் திரும்ப முட்டை போடுகிறது. சில தடவை மறுநாளே முட்டையைக் காணோம். ஒரு தடவை குஞ்சுகள் நீந்தி வெளியே வந்தன, ஆனால் ஒரு வாரத்துக்குள் எல்லாம் போய்விட்டன. ஆண் மீன் வால் கிழிந்து ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது. அடுத்த முறை முட்டையை எடுத்துத் தனியாகப் பொரிக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

எடுக்க வேண்டாம். அபிஸ்டோ குஞ்சுகளை முதல் இரண்டு வாரம் வளர்ப்பதில் தாய்க்கு நிகராக நாம் எதுவும் செய்துவிட முடியாது. உங்களிடம் முட்டை போடும் மீன் இருக்கிறது, கஷ்டமான பாதி தாண்டியாகிவிட்டது. முட்டை காணாமல் போவதற்கும் குஞ்சு காணாமல் போவதற்கும் காரணங்கள் வேறு வேறு என்பதால் தனித்தனியாகப் பார்ப்போம்.

முட்டை விஷயத்தில் நான் முதலில் கேட்பது: அது கருவுற்ற முட்டைதானா? அபிஸ்டோ குகையின் கூரையில் தலைகீழாகத் தொங்கியபடி முட்டையை ஒட்டும். முட்டை போட்ட மறுநாள் ஒரே ஒரு தடவை, சின்ன டார்ச்சும் பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற கைப்பிடிக் கண்ணாடியும் கொண்டு குகை வாயில் பாருங்கள். நல்ல முட்டை ஆரஞ்சு கலந்த சிவப்பாக, உள்ளே தெளிவாக இருக்கும். கெட்டது பால்வெள்ளையாக மாறி, அடுத்த நாள் பஞ்சு பூத்திருக்கும். தாய் கெட்ட முட்டையைத் தேடித் தேடித் தின்றுவிடும், மற்றவற்றுக்குப் பூஞ்சை பரவாமல் இருக்க அது செய்யும் வேலை அது. எல்லா முட்டையும் கெட்டிருந்தால் எல்லாவற்றையும் தின்னும். வெளியிலிருந்து பார்க்கிற நமக்கு ‘தாயே முட்டையைத் தின்றுவிட்டது’ என்று தோன்றும். அதன் பேரில் பழி போடுவதற்கு முன்னால் தண்ணீரைச் சோதியுங்கள்.

கக்காட்டுவாய்டிஸ் இந்த விஷயத்தில் தாராளமான மீன். பெரு நாட்டு உகயாலி ஆற்றுப் பகுதி போன்ற இடங்களில், தாது உப்பு ஓரளவு உள்ள தண்ணீரிலும் வாழ்கிறது. தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) 7-ஐ ஒட்டியிருந்தாலும் மிதமான கடினத்தன்மை இருந்தாலும் முட்டை பொரியும். பொரெல்லி என்ற இன்னொரு அபிஸ்டோ இனமும் அப்படித்தான், கூடவே குளிரையும் நன்றாகத் தாங்கும். அகாசிஸி என்ற இனம் கொஞ்சம் கண்டிப்பான மீன், பி.ஹெச். 6.5-க்குக் கீழே, தாது உப்பு குறைந்த மென்மையான தண்ணீர் கொடுத்தால்தான் முட்டைகள் ஒழுங்காகத் தேறும். இலைச் சாறு இறங்கித் தேநீர் நிறத்தில் ஓடும் கறுப்புநீர் ஓடைகளிலிருந்து பிடித்து வரும் காட்டு மீன்களுக்கு 5-ஐ ஒட்டிய பி.ஹெச்.சும் தாது உப்பே இல்லாத தண்ணீரும் வேண்டியிருக்கும். உங்கள் குழாய்த் தண்ணீர் மிகக் கடினமானது என்றால் கக்காட்டுவாய்டிஸ்கூடச் சிரமப்படும். தாது உப்பை வடித்தெடுத்த ஆர்.ஓ. தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள். பல சமயம் அதுவே போதும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பி.ஹெச்.சைக் குறைக்க அமில பாட்டில் வாங்கி ஊற்றாதீர்கள். தண்ணீரில் கார்பனேட் கடினத்தன்மை இருக்கும்வரை அது அமிலத்தை விழுங்கிவிட்டு, பி.ஹெச்.சைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடும். இந்த ஏற்ற இறக்கத்தில் அடிபடுவது மீன்தான். முதலில் ஆர்.ஓ. கலந்து கார்பனேட்டைக் குறையுங்கள். அப்புறம் காய்ந்த நாட்டு பாதாம் இலையும் மரக்கட்டையும் சும்மா கிடந்தாலே பி.ஹெச். தானாக இறங்கும்.

பி.ஹெச். 6-க்குக் கீழே போனால் ஃபில்டரில் உள்ள நைட்ரேட்டாக்கும் பாக்டீரியாவின் வேலை மந்தமாகும். கழிவு அம்மோனியமாகத் தேங்கும். அமிலத் தண்ணீரில் அந்த அம்மோனியத்தால் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் ஒரு நாள் நல்லது செய்வதாக நினைத்து, பி.ஹெச். 8 உள்ள குழாய்த் தண்ணீரைப் பாதித் தொட்டி அளவுக்கு மாற்றினால், அதே அம்மோனியம் விஷமுள்ள அம்மோனியாவாக மாறிவிடும். ‘தண்ணீர் மாற்றியதும் செத்துவிட்டது’ என்ற புலம்பல்களில் பாதி இதுதான். மென்மையான தொட்டிக்கு மென்மையான தண்ணீரையே, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள்.

தண்ணீர் சரி, முட்டையும் சிவப்பாகத்தான் இருந்தது, அப்படியும் மறுநாள் காணோம் என்றால் தொந்தரவைத் தேடுங்கள். முதலாவது சந்தேகம் தரையில் திரியும் கெளுத்தி வகைகள்மீது. கோரிடோராஸ் சாதுவான மீன்தான், ஆனால் அதற்கு எல்லை என்பதே புரியாது. தாய் எத்தனை தடவை முட்டி விரட்டினாலும் மறந்துவிட்டுத் திரும்ப வரும். இருட்டில் முட்டை வாசம் பிடித்துவிட்டால் அவ்வளவுதான். பிளெக்கோ வகைகள் அதைவிட மோசம். குள்ள சிக்லிட் குஞ்சு எடுக்க நினைக்கும் தொட்டியில் இரண்டுக்கும் இடமில்லை. இரண்டாவது சந்தேகம் உங்கள்மீது: குகையைத் தூக்கிப் பார்ப்பது, பக்கத்தில் கண்ணாடி துடைப்பது. இளம் பெண் மீன் முதல் இரண்டு மூன்று ஈடுகளைப் பயத்தில் தின்பது சகஜம். அதற்குப் பொறுமைதான் மருந்து.

இனி ஆண் மீன். காட்டில் ஒரு ஆண் அபிஸ்டோ ஒரு பெரிய பரப்பைத் தன் எல்லையாக வைத்திருக்கும். அதற்குள் பல பெண்கள் ஆளுக்கொரு சின்ன மூலையைப் பிடித்துக்கொண்டு இருக்கும். முட்டை போட்டு முடித்ததும் பெண் ஆணைத் துரத்தும். அது வேறு பெண்ணிடம் போய்விடும், பிரச்சினை தீர்ந்தது. இரண்டடித் தொட்டியில் அது எங்கே போகும்? ஏழெட்டு செ.மீ. ஆணை நாலைந்து செ.மீ. பெண் ஓட ஓட விரட்டிச் சாகடிப்பதும் உண்டு. மூலையில் ஒடுங்கி, துடுப்புகளை மடக்கிக்கொண்டு நிற்கும் ஆணை இன்றைக்கே வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள். முட்டை போட்டு முடித்த பிறகு அபிஸ்டோவில் ஆணுக்குக் குஞ்சு வளர்ப்பில் பெரிய வேலை கிடையாது. வேறு தொட்டி இல்லை என்றால் ஓட்டை போட்ட தடுப்பு வைத்துப் பிரித்துவிடலாம்.

பெரிய தொட்டி வாங்கும் எண்ணம் இருந்தால் உயரத்தைப் பார்க்காதீர்கள், தரைப் பரப்பைப் பாருங்கள். இந்த மீன்கள் தரையில்தான் குடித்தனம் நடத்துகின்றன. மெல்லிய மணல், நடுவில் பார்வையை மறைக்கும் மரக்கட்டையும் செடியும், பெண்களின் எண்ணிக்கையைவிட ஒன்றிரண்டு கூடுதலாகக் குகைகள், இவ்வளவு போதும். குகைக்குக் கொட்டாங்குச்சியைவிட நல்லது நான் பார்த்ததில்லை. வாயை மட்டும் சின்னதாக, பெண் நுழைகிற அளவுக்கு, இரண்டரை மூன்று செ.மீ. அகலத்தில் வெட்டுங்கள். ஆண் உள்ளே போக முடியாதே என்று கவலை வேண்டாம், அது வாசலில் நின்றே வேலையை முடித்துவிடும். வாய் பெரிதாக இருந்தால் பெண்ணே மணலை வாயால் அள்ளி வந்து வாசலைச் சிறிதாக்கும். அப்படி மணல் அள்ளுவதைப் பார்த்தால் இரண்டொரு நாளில் முட்டை எதிர்பார்க்கலாம்.

அடுத்த ஈட்டில் என்ன நடக்கும் என்று தெரிந்தால் தேவையில்லாமல் கை வைக்க மாட்டீர்கள். முட்டை போட்டதும் பெண்ணின் உடம்பு பளீரென்று எலுமிச்சை மஞ்சளாகும், கறுப்புக் குறிகள் அழுத்தமாகத் தெரியும். குகைக்குள்ளேயே கிடக்கும், தீனிக்கு மட்டும் அவசரமாக வந்து போகும். 26, 27 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று நாளில் முட்டை பொரியும். ஆனால் வருவது குஞ்சல்ல, மஞ்சள்கரு தொங்கும் ஒரு நெளியும் வால். இன்னும் ஐந்து நாள் போல அதற்கு நீந்தவும் தெரியாது, தின்னவும் வேண்டியதில்லை. இந்த நாட்களில் தாய் அவற்றை வாயில் கவ்வி வேறு குழிக்கோ வேறு குகைக்கோ இடம் மாற்றும். நீங்கள் எட்டிப் பார்த்து, காலியாக இருக்கிறதே என்று அந்த ஈட்டையே கைகழுவி, தொட்டியைக் கலைத்துச் சுத்தம் செய்யத் தொடங்கினால், நிஜமாகவே போய்விடும். தாய் மஞ்சளாக இருக்கும்வரை குஞ்சும் எங்கேயோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டை போட்டு எட்டு ஒன்பது நாளில் ஒரு காலை அவை வெளியே வரும். கண்ணாடியை ஒட்டி உட்கார்ந்து பார்க்க வேண்டிய நேரம் இது. ஐம்பது அறுபது சாம்பல் துணுக்குகள் மணலுக்கு ஒரு விரல்கடை மேலே மிதந்தபடி, பாதாம் இலையின் மேல்பரப்பைக் கொத்திக்கொண்டிருக்கும். தாய் அவற்றுக்கு மேலே நிற்கும். வேறு மீனோ உங்கள் கையோ அருகே வந்தால், அடிவயிற்றுத் துடுப்புகளைச் சட்டென்று ஒரு வெட்டு வெட்டும். அந்தக் கணமே குஞ்சுகள் எல்லாம் மணலில் விழுந்து அசையாமல் கிடக்கும், எங்கே என்று உங்களால் சொல்ல முடியாது. ஆபத்து நீங்கியதும் உடம்பை லேசாகக் குலுக்கிக்கொண்டு தாய் முன்னே நகரும், கூட்டம் எழுந்து பின்னால் போகும். பொழுது சாயும்போது சிதறியவற்றை ஒவ்வொன்றாக வாயில் உறிஞ்சிக் கொண்டுபோய்க் குகையில் துப்பும். விளக்கைத் திடீரென்று அணைத்தால் இந்த வேலை பாதியில் நின்று, வெளியே மாட்டிய குஞ்சுகள் போய்விடும். தொட்டி விளக்கை அணைத்த பிறகும் அறை விளக்கு ஒரு அரை மணி நேரம் எரியட்டும்.

குஞ்சு இழந்த பெண் அபிஸ்டோ, தீனிக்காகப் போட்ட டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளுக் கூட்டத்தையே தன் குஞ்சாக நினைத்து மேய்த்துக்கொண்டு திரிந்த கதைகளை வளர்ப்போர் பலரும் எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு வலுவான உந்துதல் அது. தாயை நம்பிக் குஞ்சுகளை விடலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் உங்கள் குஞ்சுகள் ஏன் ஒரு வாரத்தில் போயின? பெரும்பாலும் பசி. ‘பொடித்த தீனி போட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அபிஸ்டோ குஞ்சு அசைவதைத்தான் தின்னும். அசையாத பொடி தரையில் தங்கி அழுகி, பாக்டீரியாவைப் பெருக்கி, பட்டினியால் சாகாததையும் சாகடிக்கும். முதல் நாளிலிருந்தே அன்றன்று பொரித்த ஆர்ட்டீமியா (உப்புநீரில் வாழும் மிகச் சிறிய இறால் வகை) வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு அபிஸ்டோ குஞ்சு வளர்க்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மைக்ரோ வார்ம் என்ற நுண்புழு ஒரு நாள் இரண்டு நாள் சமாளிக்க உதவும், அவ்வளவுதான்.

பொரிக்கும் முறை எளிது. ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி, லிட்டருக்கு 25 கிராம் உப்பு கரைத்து, ஆர்ட்டீமியா முட்டை கால் ஸ்பூன் போட்டு, அடியிலிருந்து பலமாகக் காற்று விடுங்கள். 28 டிகிரியில், பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்தால், ஒரு நாளில் பொரிந்துவிடும். பிரித்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விடுங்கள். பழுப்பு ஓடுகள் மேலே மிதக்கும், பொரியாத முட்டைகள் அடியில் படியும். விளக்கு உள்ள பக்கம் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேகம் திரளும், அதுதான் தீனி. ஏர் டியூபால் அதை மட்டும் உறிஞ்சி, நெருக்கமான துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, சொட்டுக் குழாயால் குஞ்சுக் கூட்டத்துக்குள் விடுங்கள். ஓடு கலந்து போனால் குஞ்சின் குடலில் அடைத்துக்கொள்ளும். பொரிந்த சில மணி நேரத்துக்குள் போடுங்கள். நேரம் ஆக ஆக அது தன் கருவையே கரைத்துத் தின்று சத்தில்லாமல் போகும். காலையில் ஒரு பாட்டில், மாலையில் ஒரு பாட்டில் என்று மாறி மாறி வைத்தால் தீனி தடைபடாது.

போட்ட கால் மணி நேரத்தில் குஞ்சின் வயிறு ஆரஞ்சுப் புள்ளியாகத் தெரிய வேண்டும். தெரிந்தால் போதும், மேலே போடாதீர்கள். நல்ல தண்ணீரில் ஆர்ட்டீமியா சில மணி நேரத்தில் செத்து அழுகும். கொஞ்சமாக, நாளுக்கு இரண்டு மூன்று தடவை போதும். இடைவேளையில் இலைமேல் படியும் நுண்ணுயிர்ப் படலத்தைக் கொத்தித் தின்னும். பாதாம் இலை தண்ணீருக்கு நிறம் கொடுக்க மட்டுமல்ல, குஞ்சுக்கு மேய்ச்சல் நிலமும் அதுதான். ஆகவே பழைய, ஊறிய இலைகளைச் சுத்தம் என்ற பெயரில் அள்ளி எறியாதீர்கள்.

பசிக்கு அடுத்த கொலையாளி ஃபில்டர். வெளியில் மாட்டும் ஃபில்டரும் பவர் ஹெட் என்ற தொட்டிக்குள் வைக்கும் மோட்டாரும் குஞ்சை உறிஞ்சிவிடும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். மூன்றாவது ஹைட்ரா. ஆர்ட்டீமியா தாராளமாகப் போடும் தொட்டியில் கண்ணாடியில் அரை செ.மீ. நூல்போல, நுனியில் விரல்கள் விரிந்து தொங்கினால் அது ஹைட்ரா. சின்னக் குஞ்சைக் கொட்டிப் பிடித்துத் தின்னும். தீனியைக் குறைத்தாலே அது குறையும். ஃபென்பெண்டசோல் என்ற குடற்புழு மருந்துக்கும் கேட்கும், ஆனால் நத்தை இருந்தால் அதுவும் போகும்.

தண்ணீர் மாற்றத்தை ஏர் டியூபால், தினமும் பத்தில் ஒரு பங்கு, அதே சூட்டில், அதே தன்மையில் செய்யுங்கள். எடுத்த தண்ணீரை வெள்ளை வாளியில் ஊற்றிப் பார்க்காமல் கொட்டாதீர்கள், இரண்டு குஞ்சாவது அதில் இருக்கும்.

ஹீட்டரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்துகொள்ள வேண்டியது இது. அபிஸ்டோவில் ஆணா பெண்ணா என்பதில் தண்ணீரின் சூட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. உவே ரோமர், வோல்ஃப்காங் பைசன்ஹெர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 37 அபிஸ்டோகிராமா இனங்களைச் சோதித்து 1996-இல் வெளியிட்ட முடிவு இது: பெரும்பாலான இனங்களில் சூடு கூடினால் ஆண் கூடுகிறது, குறைந்தால் பெண் கூடுகிறது. சில இனங்களில் பி.ஹெச்.சும் இதில் தலையிடுகிறது. முட்டை போட்டதிலிருந்து ஏறக்குறைய முதல் ஒரு மாதச் சூடுதான் கணக்கு. சீக்கிரம் வளரட்டும் என்று 29, 30 டிகிரியில் வைத்துவிட்டு, நாலு மாதம் கழித்து எல்லாமே ஆணாக வந்து நிற்பது இதனால்தான். 26-ஐ ஒட்டி வைத்தால் இரண்டும் ஓரளவு கலந்து வரும். கிரிபென்சிஸ் என்ற ஆப்பிரிக்கக் குள்ள சிக்லிட்டை வளர்ப்பவர்களுக்கு இதே தலைவலி பி.ஹெச். வழியாக வருகிறது, அமிலத் தண்ணீரில் ஆண்கள் மிகுதியாகின்றன.

எல்லாக் குள்ள சிக்லிட்டுக்கும் ‘தாயிடமே விடு’ என்று சொல்வேனா என்றால், ராம் என்ற இன்னொரு குள்ள சிக்லிட்டுக்குச் சொல்ல மாட்டேன். வெனிசுவேலா, கொலம்பியா சமவெளிகளின் வெதுவெதுப்பான ஆழமில்லாத நீரிலிருந்து வந்தது அது. 28 முதல் 30 டிகிரி வேண்டும். குகையில் அல்ல, திறந்த தட்டைக் கல்லில் இருநூறு முட்டை போலப் போடும். ஆணும் பெண்ணும் சேர்ந்து காவல் காக்க வேண்டிய மீன். ஆனால் பண்ணையில் தலைமுறை தலைமுறையாக முட்டையைப் பிரித்தெடுத்துப் பொரித்த வம்சங்கள்தான் பெரும்பாலும் நம் கைக்கு வருகின்றன, அவை ஈட்டுக்கு ஈடு தின்றுகொண்டே இருக்கும். மூன்று நான்கு ஈடு வரை வாய்ப்புக் கொடுத்துப் பாருங்கள். அப்புறமும் தின்றால் கல்லோடு எடுத்து, அதே தொட்டித் தண்ணீர் உள்ள சின்னப் பாத்திரத்தில் வைத்து, முட்டைமேல் நேராகப் படாமல் பக்கத்தில் மெதுவாகக் காற்று விட்டு, தண்ணீர் வெளிர்நீலம் ஆகும் அளவுக்குப் பூஞ்சையைத் தடுக்கும் மெத்திலீன் ப்ளூ மருந்தை விடுங்கள். வெள்ளை முட்டையைத் தினமும் பொறுக்குங்கள். பொரிந்ததும் தண்ணீரைச் சிறிது சிறிதாக மாற்றி நீலத்தைப் போக்குங்கள். ராம் குஞ்சு அபிஸ்டோவைவிடச் சின்னது என்பதால் முதல் இரண்டு மூன்று நாள் இன்ஃபுசோரியா என்ற நீர் நுண்ணுயிர்த் தீனியும் கைவசம் இருக்கட்டும். மெத்திலீன் ப்ளூவை மெயின் தொட்டியில் மட்டும் விட்டுவிடாதீர்கள், ஃபில்டர் பாக்டீரியாவுக்கு ஆகாது.

உங்கள் அபிஸ்டோவுக்குத் திரும்பினால், மூன்று நான்கு வாரத்தில் குஞ்சுகள் ஒரு செ.மீ.யைத் தொடும். அப்போது தாயின் மஞ்சள் மங்கி, வயிறு உருண்டு, குஞ்சுகளைத் தானே விரட்டத் தொடங்கும். அடுத்த ஈட்டுக்கு ரெடி என்று அர்த்தம். அந்த வாரமே குஞ்சுகளை, தாய்த் தொட்டித் தண்ணீரையே நிரப்பிய வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். வலையால் பிடிக்காமல் சின்னக் கண்ணாடிக் குவளையால் தண்ணீரோடு மொண்டு எடுங்கள். பெண் மெலிந்து தெரிந்தால், ஆணைத் திரும்ப விடுவதை ஒரு மாதம் தள்ளிப்போட்டு, ஆர்ட்டீமியாவும் உயிர்த்தீனியும் கொடுத்துத் தேற்றுங்கள். வளர்ப்புத் தொட்டியில் மூன்று நான்கு மாதத்தில் ஆண் பெண் தெரிய ஆரம்பிக்கும். அப்போதும் அவசரப்பட்டு ஜோடி பிரித்துவிடாதீர்கள்: பலசாலி ஆணின் நிழலில் வளரும் சில ஆண்கள், அடி வாங்காமல் இருக்கப் பெண்ணின் நிறத்தையே போட்டுக்கொண்டு திரியும். பெரிய ஆணை ஒரு வாரம் வெளியே எடுத்துவிட்டால், யார் யார் என்று தெரிந்துவிடும்.